நெஞ்சு படபடக்கும், ஆனால் என்ன உணர்வு என்று தெரியாது: ‘அலெக்சிதைமியா’ இருப்பவர்களின் உடலில் என்ன நடக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனால் போதும், உங்களுக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடிக்கிறீர்கள். அடுத்த ஞாயிறு பிரியாணி இல்லை, வெறும் ரசம் சாதம்தான். அப்போதும் வயிறு பிசைகிறது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் வாராந்திரக் கூட்டம் இருக்கிறது. போன மூன்று கூட்டங்களிலும் மேலாளர் எல்லார் முன்னாடியும் உங்களைக் கேள்வி கேட்டுக் குடைந்திருக்கிறார். வீட்டில் யாராவது, “நாளைக்கு மீட்டிங்கை நினைச்சு பயமா இருக்கா?” என்று கேட்டால், “சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல, கேஸ் ட்ரபிள்” என்கிறீர்கள்.

இதில் நீங்கள் எதையும் மறைக்கவில்லை. பயம் என்று ஒன்று உள்ளே இருப்பது உங்களுக்கே தெரியவில்லை. தெரிவதெல்லாம் வயிறு மட்டும்தான்.

எல்லாருக்கும் எப்போதாவது இப்படி நடக்கும். ஆனால் சிலருக்கு இது வாழ்நாள் முழுக்கத் தொடரும் இயல்பாகவே இருக்கிறது. கோபம், பயம், வருத்தம், ஏமாற்றம் எல்லாம் அவர்களுக்கு ‘ஏதோ ஒரு மாதிரி இருக்கு’ என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும். உளவியலில் இதற்கு அலெக்சிதைமியா என்று பெயர். மனதுக்குப் பெயர் தெரியாத உணர்ச்சிக்கு உடல் எப்படி எதிர்வினை ஆற்றுகிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் சுமார் 50 ஆண்டுகளாக விடை தேடி வருகிறார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் நெமையா, பீட்டர் சிஃப்னியோஸ் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள், மனதோடு தொடர்புள்ளவை என்று அன்று கருதப்பட்ட உடல் நோய்களுடன் வந்தவர்களைக் கவனித்து வந்தார்கள். அவர்களில் பலர் வலி எங்கே தொடங்குகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, என்ன சாப்பிட்டால் கூடுகிறது என்று நுணுக்கமாகச் சொன்னார்கள். ‘அப்போது உங்கள் மனசு எப்படி இருந்தது?’ என்று கேட்டால் மட்டும் திகைத்துப்போனார்கள். 1973-ல் சிஃப்னியோஸ் இந்த இயல்புக்குக் கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். ‘அ’ என்றால் இல்லை, ‘லெக்சிஸ்’ என்றால் சொல், ‘தைமோஸ்’ என்றால் உணர்ச்சி. உணர்ச்சிக்குச் சொல் இல்லாத நிலை என்று பொருள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இது நோய் அல்ல. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோய்ப் பட்டியல்களில் அலெக்சிதைமியா தனி நோயாக இடம்பெறவில்லை. உயரம் போல, கூச்ச சுபாவம் போல, ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கும் ஒரு தன்மை இது.

இதை அளக்க அதிகம் பயன்படுவது, கனடாவில் உருவாக்கப்பட்டு 1994-ல் இன்றைய வடிவம் பெற்ற டொரன்டோ அளவுகோல். இதில் 20 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 61 அல்லது அதற்கு மேல் வந்தால் அலெக்சிதைமியா இருப்பதாகக் கொள்கிறார்கள். உணர்வை அடையாளம் காண்பதில் சிரமம், அதை வார்த்தையில் சொல்வதில் சிரமம், உள்ளே பார்ப்பதைவிட வெளியே நடப்பதையே யோசிக்கும் பழக்கம் ஆகிய மூன்றையும் அது அளக்கிறது.

இந்த அளவுகோலில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தன் உணர்வு தனக்குத் தெரியாது என்பவரிடமே போய், ‘உன் உணர்வு உனக்கு எவ்வளவு தெரியும்?’ என்று கேட்கிறோம். ஆய்வாளர்களே இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியதால், நேர்காணல் மூலம் அளக்கும் முறையும் பின்னால் வந்தது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? ஃபின்லாந்தில் பொதுமக்களிடம் நடந்து 1999-ல் வெளியான ஆய்வில் 13 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆண்களில் 17 சதவீதம், பெண்களில் 10 சதவீதம். ‘ஆம்பளப் புள்ள அழக்கூடாது’ என்று வளர்ப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அமெரிக்க உளவியலாளர் ரொனால்ட் லெவன்ட் உண்டு என்று வாதிடுகிறார். ஆண் பிள்ளைகளுக்கு உணர்ச்சிச் சொற்களையே நாம் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது அவர் கருத்து. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த இயல்பு காணப்படுவதாக ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டுகிறது. பெரும் அதிர்ச்சிக்குப் பிறகும் இது வரலாம். நாஜி வதைமுகாம்களில் இருந்து தப்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஹென்றி கிரிஸ்டல், தானும் அப்படித் தப்பி வந்தவர். அவர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

பெயர் தெரியாவிட்டால் உடம்பு சும்மா இருக்குமா?

இருக்காது. ஞாயிறு ராத்திரிக்கே திரும்பிப் போவோம். நாளைய கூட்டத்தை மூளை ஓர் ஆபத்தாக எடைபோட்டுவிட்டால், அதற்கு ‘பயம்’ என்ற சொல் உங்களுக்குக் கிடைக்கும்வரை உடல் காத்திருப்பதில்லை. சில நொடிகளிலேயே பரிவு நரம்பு மண்டலம் வேலையைத் தொடங்குகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, ரத்தம் குடலைவிட்டுத் தசைகளுக்குத் திருப்பப்படுகிறது. வயிற்றைப் பிசைவதும் இதன் ஒரு பகுதிதான்.

இன்னொரு பாதை மெதுவானது. மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சைகை தருகிறது, பிட்யூட்டரி அட்ரீனல் சுரப்பிக்குச் சைகை தருகிறது, கடைசியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது உச்சத்துக்கு வரச் சுமார் 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். கார்ட்டிசால் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, உடலுக்குத் தேவையான சக்தியைத் திரட்டுகிறது. ஆபத்து முடிந்ததும் ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சுரப்பு குறைய வேண்டும்.

இதுவரை எல்லாருக்கும் பொது. வித்தியாசம் இதற்கு அடுத்த கட்டத்தில் வருகிறது. ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று தெரிந்தவர் ஏதாவது செய்வார். நண்பருக்கு போன் போடுவார், கூட்டத்துக்கு முன்கூட்டியே தயார் செய்வார், மேலாளரைத் தனியாகப் பார்த்துப் பேசுவார், இல்லையென்றால் வேறு வேலை தேடுவார். வயிறு மட்டும் தெரிந்தவர் ஓமத் தண்ணீர் குடிப்பார். கூட்டம் அப்படியே இருக்கும், அடுத்த ஞாயிறும் வரும். உணர்ச்சியை அடையாளம் காண முடியாமல் போனால் மன அழுத்தத்தைச் சமாளிக்க வேண்டிய வேலையே தொடங்காது, அதனால் உடல் அதிக நேரம் முறுக்கேறிய நிலையில் இருக்கும் என்ற கருத்தை 1985-லேயே ஆய்வாளர்கள் முன்வைத்துவிட்டார்கள்.

ஆய்வுக்கூடம் என்ன சொல்கிறது?

கருத்து நன்றாகத்தான் இருக்கிறது. அளந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

மன அழுத்தத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க ஒரு புகழ்பெற்ற முறை உண்டு. ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1993-ல் வெளியிட்டது. உங்களை ஒரு குழுவின் முன் நிறுத்தி, வேலைக்கு நேர்காணல் போல ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். குழுவினர் தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள். பிறகு 1022-ல் தொடங்கிப் பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்வார்கள். தப்பு விட்டால் முதலில் இருந்து. இடையிடையே எச்சில் மாதிரி எடுத்து கார்ட்டிசாலை அளப்பார்கள். கேட்கும்போதே வியர்க்கிறது, இல்லையா?

பெல்ஜியத்தில் ஆண்களை இப்படிச் சோதித்து 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. அலெக்சிதைமியா அதிகம் இருந்தவர்களுக்கு, அதிலும் உணர்வை விவரிக்கச் சிரமப்பட்டவர்களுக்கு, சோதனை தொடங்குவதற்கு முன்பே கார்ட்டிசால் கூடுதலாக இருந்தது. அதாவது வரப்போவதை எதிர்பார்க்கும்போதே உடல் தயாராகிவிட்டது. நம் ஞாயிறு ராத்திரிக்காரரும் கிட்டத்தட்ட இதே நிலையில்தான் இருக்கிறார்.

ஆனால் எல்லா ஆய்வுகளும் இதையே சொல்லவில்லை. சிலவற்றில் அலெக்சிதைமியா உள்ளவர்களின் இதயத் துடிப்பு ஓய்வில் இருக்கும்போதே சற்று அதிகம். வேறு சிலவற்றில், அதிர்ச்சி தரும் படம் காட்டினாலும் அவர்களின் உடல் மற்றவர்களைவிடக் குறைவாகவே அசைகிறது. மூன்றாவது வகை முடிவுகளும் உண்டு. அவற்றில் உடலின் அளவும், ‘எனக்கு எவ்வளவு டென்ஷன்’ என்று அவர்கள் வாயால் சொல்லும் அளவும் ஒன்றோடு ஒன்று பொருந்தவே இல்லை. இதயம் ஒரு கதை சொல்கிறது, வாய் வேறு கதை சொல்கிறது.

ஏன் இந்தக் குழப்பம்? கல்லூரி மாணவர்களைச் சோதிப்பதும் நோயாளிகளைச் சோதிப்பதும் ஒன்றல்ல. அலெக்சிதைமியா உள்ளவர்களில் மனச்சோர்வு உள்ளவர்களும் அதிகம், மனச்சோர்வே கார்ட்டிசாலின் அளவை மாற்றக்கூடியது. எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் கார்ட்டிசால் காலையில் ஏறி ராத்திரி இறங்குவது. ஆகவே ‘உணர்ச்சியை அறியாதவர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எப்போதும் அதிகம்’ என்று யாராவது ரீல்ஸில் அடித்துச் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். உடலுக்கும் உணர்வறிவுக்கும் இடையே உள்ள இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று சொல்வதே இன்றைய சான்றுகளுக்குப் பொருத்தமானது.

இதயத் துடிப்பை எண்ண முடிகிறதா?

அந்த இணைப்பு எங்கே தளர்கிறது என்பதைத் தேடியவர்கள் ஒரு எளிய சோதனையைப் பயன்படுத்தினார்கள். 1981-ல் ஜெர்மன் உளவியலாளர் ரெய்னர் ஷான்ட்ரி அறிமுகப்படுத்தியது. நாடியைத் தொடாமல், கையை நெஞ்சில் வைக்காமல், உட்கார்ந்த இடத்தில் உங்கள் இதயத் துடிப்பை மனதுக்குள் எண்ண வேண்டும். பிறகு அதை இசிஜி பதிவோடு ஒப்பிடுவார்கள். 2011-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், துடிப்பைச் சரியாக எண்ண முடியாதவர்களிடம் அலெக்சிதைமியா மதிப்பெண் அதிகமாக இருந்தது. உடலின் உட்குறிப்புகளைப் படிக்கும் திறன் குறைந்தால், அவற்றின் மேல் கட்டப்படும் உணர்வும் தெளிவில்லாமல்தான் இருக்கும் என்று இதை விளக்கினார்கள்.

இதற்கும் எதிர்ப்பு இருக்கிறது. ‘என் நாடி நிமிடத்துக்கு சுமார் 72’ என்று தெரிந்தவர் எதையும் உணராமலே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாமே என்பது விமர்சகர்கள் கேட்கும் நியாயமான கேள்வி.

நோயாளிகளின் பக்கத்தில் இருந்து பார்த்தால் இன்னொரு முரண் தெரிகிறது. அலெக்சிதைமியா உள்ள பலர் உடலைக் கவனிக்காதவர்கள் இல்லை, சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிகம் கவனிப்பவர்கள். நெஞ்சில் ஒரு சின்ன படபடப்பு வந்தாலும் பிடித்துவிடுவார்கள். ஆனால் அதை ‘கோபம்’ என்று படிக்காமல் ‘ஹார்ட்டில் ஏதோ பிரச்னை’ என்று படிப்பார்கள். அந்தப் படிப்பே புதிய பயத்தைக் கிளப்பும். பயம் துடிப்பை இன்னும் ஏற்றும். இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி என்று கோப்பு தடிக்கும். எல்லாம் நார்மல் என்று வந்தாலும் நிம்மதி வராது, ஏனென்றால் படபடப்பு நிஜம்.

நீண்டகாலத்தில் என்ன ஆகிறது?

உயர் ரத்த அழுத்தம், குடல் எரிச்சல் நோய், ஃபைப்ரோமயால்ஜியா, நாள்பட்ட வலி ஆகியவை உள்ளவர்களிடம் அலெக்சிதைமியா கூடுதலாகக் காணப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களிடமும் அப்படியே. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதபோது அதை அணைக்க ஒரு குவார்ட்டர் போதும் என்று சிலருக்குத் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

ஃபின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 42 முதல் 60 வயது வரையிலான 2,297 ஆண்களைச் சுமார் ஐந்தரை ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1996-ல் வெளியானது. அலெக்சிதைமியா மிக அதிகம் இருந்தவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. பயமுறுத்தும் எண்தான். ஆனால் இது ஒரு நாட்டு ஆண்களைப் பற்றியது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வால் நிறுவ முடியாது. வலி நாள்பட்டால் மனம் மரத்துப்போவதும் உண்டு என்பதால் அம்பு எதிர்த் திசையிலும் பாயலாம்.

இந்தியாவில் உடம்புதானே பேசுகிறது?

வெளிநாட்டு ஆய்வை அப்படியே நம் ஊருக்குப் பொருத்தும் முன் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. ‘வயிறு எரியுது’, ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘குலை நடுங்கிப்போச்சு’ என்றெல்லாம் தமிழில் சொல்கிறோம். இந்தியில் ‘கப்ராஹட்’ என்ற சொல் மனக் கலக்கத்தையும் படபடப்பையும் ஒருசேரக் குறிக்கும். ‘டென்ஷன்’, ‘பிபி ஏறுது’ இரண்டும் நாடு முழுக்க ஓடும் சொற்கள். இப்படிப் பேசுகிறவர்களுக்கெல்லாம் உணர்ச்சிச் சொல் இல்லை என்று முடிவு கட்டினால் அது பெரிய தவறு. வயிறு எரிகிறது என்பவருக்கு, யார் மேல் எதற்காக எரிகிறது என்பது நன்றாகத் தெரியும்!

பெங்களூருவில் 80 மனநல நோயாளிகளிடம் நடத்தி, 1996-ல் ஆர். ரகுராம் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மனச்சோர்வு அறிகுறிகள் கூடுதலாக இருந்தவர்கள் அவமான உணர்வையும் கூடுதலாகச் சொன்னார்கள். உடல் அறிகுறிகள் கூடுதலாக இருந்தவர்களிடம் அந்த அவமானம் குறைவு. காரணம் எளிது. தலைவலி என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், மனசு சரியில்லை என்றால் கல்யாணப் பேச்சு வரை பாதிக்கும். கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் விக்ரம் படேல் குழுவினர் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுதல் என்ற புகாருக்குத் தொற்றைவிட மன, சமூகச் சுமைகளோடு வலுவான தொடர்பு இருந்தது.

சீனாவின் சாங்ஷா, கனடாவின் டொரன்டோ நகரங்களின் நோயாளிகளை ஒப்பிட்டு 2008-ல் வந்த ஆய்வும் இதே பக்கம் கைகாட்டுகிறது. சீன நோயாளிகள் உடல் அறிகுறிகளை அதிகம் சொன்னதற்கு, உணர்வை அடையாளம் காண முடியாமை முக்கியக் காரணமாகத் தெரியவில்லை. உள்ளே தோண்டிப் பார்ப்பதை அவ்வளவு முக்கியமாக நினைக்காத பழக்கமே பெரும்பாலும் காரணமாக இருந்தது.

ஆக, உணர்வு தெரியாதவரையும் தெரிந்தே சொல்லாதவரையும் ஒரே கூடையில் போடக்கூடாது. நம்பகமான ஒருவர் தனியாக உட்கார வைத்து, அவசரப்படுத்தாமல் கேட்டால் ‘ஆமா, பயம்தான்’ என்று சொல்லிவிடுகிறாரா என்று பாருங்கள். சொல்லிவிட்டால் அவருக்குக் குறைவாக இருந்தது பாதுகாப்பு, வார்த்தை அல்ல. அப்போதும் ‘தெரியல’ என்றே திகைத்தால், அதை நம்புங்கள். ‘கல்லு மாதிரி இருக்கியே’ என்று திட்டுவதால் பயன் இல்லை.

‘எல்லாம் மனசுலதான்’ என்று சொல்லலாமா?

கூடாது. இந்த விஷயம் பிரபலமானால் வரக்கூடிய பெரிய ஆபத்தே இதுதான். தைராய்டு அதிகமாகச் சுரந்தால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மார்பு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு வாங்கினால், உணர்வைத் தேடிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழைக்க வேண்டும். உடல் பரிசோதனை முதலில். தேவையானதைப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு, ஆறாவது முறை அதே ஸ்கேன் எடுக்கும் முன்தான் இந்தக் கேள்விக்கு இடம்.

மாற்ற முடியுமா?

ஓரளவு முடியும். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே உடலைச் சற்று அமைதிப்படுத்துகிறது என்பதற்குச் சான்று உண்டு. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-ல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், கோபமான அல்லது பயந்த முகத்தைப் பார்த்து அதற்குரிய உணர்ச்சிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, ஆபத்தை எடைபோடும் அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்தது. அந்த முகத்துக்கு ஆண் பெயரா பெண் பெயரா என்று தேர்ந்தெடுத்தபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. உளவியல் சிகிச்சையிலும், உடலின் உணர்வுகளைக் கவனிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியிலும் அலெக்சிதைமியா மதிப்பெண் குறைவதாகச் சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன.

ஆனால் ‘மனசு விட்டு எழுது’ என்ற வழக்கமான அறிவுரை இவர்களுக்கு அவ்வளவாக ஒத்துவராது. எழுத வார்த்தை வேண்டுமே! உடம்பில் இருந்து தொடங்குவதே சுலபம். போனில் ஒரு குறிப்பு போதும். எத்தனை மணி, உடம்பில் எங்கே என்ன, அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது அல்லது யாரை நினைத்தீர்கள். உணர்ச்சியின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள், தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். மூன்று வாரம் கழித்து மொத்தமாகப் படித்துப் பாருங்கள். ஞாயிறு ஒன்பது மணி, வயிறு, மறுநாள் மீட்டிங் என்று ஒரே வரி மூன்று தடவை வந்திருந்தால், காலியாக விட்ட இடத்தை நிரப்புவது அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

மருத்துவரைப் பார்க்கும்போது இந்தக் குறிப்பைக் கொண்டுபோங்கள். ‘எனக்கு உடம்பு தெரியுது, ஆனா அப்போ மனசுல என்னன்னு சொல்லத் தெரியல’ என்று இதே வார்த்தைகளில் சொன்னாலும் போதும், அதுவே அவருக்குப் பயனுள்ள தகவல். நேரில் போகத் தயக்கம் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை தமிழிலும் கிடைக்கிறது.